பென் நெவிஸைப் பின்வாசல் வழியாக ஏறுவது: சி.எம்.டி. அரேட் வழிகாட்டி

ஸ்காட்லாந்தில் இருக்கும் பென் நெவிஸ் மலை மீது ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் ஏறுகிறார்கள். பெரும்பாலோர் போவது கிளென் நெவிஸ் பள்ளத்தாக்கிலிருந்து கிளம்பும் மவுண்டன் டிராக் வழியாக. 1883-இல் உச்சியில் வானிலை ஆய்வு நிலையம் திறந்தபோது மட்டக்குதிரைகள் சுமையோடு ஏறுவதற்காகப் போட்ட பாதை அது. அதனால்தான் அத்தனை வளைவுகள், அத்தனை நிதானமான ஏற்றம். ஆனால் மலையின் அழகான பக்கம் அந்தப் பாதையில் போகிறவர் கண்ணில் படவே படாது. வடக்கில் 600 மீட்டருக்கு மேல் சரிந்து நிற்கும் பாறைச் சுவரைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே ஏற வேண்டுமானால், முதலில் எதிரே இருக்கும் இன்னொரு மலையில் ஏறி, இரண்டையும் இணைக்கும் ஒடுங்கிய பாறை முகட்டின் மேல் நடந்து உச்சிக்குப் போக வேண்டும். அந்த முகடுதான் கார்ன் மோர் ஜெரக் அரேட். மேப்பில் ‘Dearg’ என்று இருக்கும் எழுத்தைப் பார்த்து ‘டியர்க்’ என்று படித்துவிடுவோம். கேலிக் மொழியில் அது ‘ஜெரக்’, அதாவது சிவப்பு. ஊரில் எல்லோரும் சுருக்கமாக சி.எம்.டி. என்பார்கள்.

ஸ்கிராம்ப்ளிங் என்பது நடைக்கும் பாறையேற்றத்துக்கும் நடுவே உள்ளது: கால் மட்டும் போதாது, கையும் வேண்டும். பிரிட்டனில் இதை 1, 2, 3 என்று தரம் பிரிக்கிறார்கள். 3-ஆம் தரத்தில் பல இடங்களில் கயிறு தேவைப்படும். சி.எம்.டி. அரேட் 1-ஆம் தரம்; வறண்ட கோடை நாளில் கயிறு வேண்டாம். ‘ஒன்றுதானே’ என்று இதை எளிதாக எடுத்துக்கொள்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தரம் பாறையின் கடினத்தை மட்டுமே சொல்லும். சுமார் 17 கிலோமீட்டர் தூரம், 1,500 மீட்டர் ஏற்றம், பத்து மணி நேரம், மேகத்துக்குள் இறங்க வேண்டிய உச்சி ஆகிய எதுவும் அந்த எண்ணில் இல்லை. இந்த வழியில் சிரமம் பாறையில் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் நேரத்திலும் காற்றிலும் இறங்குவதிலும் இருக்கிறது.

ஆறேழு மணி நேர மலைநடை இரண்டு மூன்றாவது முடித்திருக்க வேண்டும். காம்பஸில் ஒரு திசையைப் பிடித்து நடக்கத் தெரிந்த ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள்; அடிவாரத்து ஊரான ஃபோர்ட் வில்லியமில் தகுதிச் சான்று பெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நாள் பார்த்தல்

புதியவர்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் சரி. மே மாதத்திலும் மேல்பகுதியில் பனி கிடக்கும். உச்சியின் வடக்கு விளிம்பில் காற்று குவித்த பனி, தரை இருப்பதுபோலவே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் நின்றால் ஆளோடு சேர்ந்து விழும். பனியும் உறைபனியும் வந்துவிட்டால் இது ஐஸ் கோடாரியும் கிராம்பான்களும் (பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்பு முட்கள்) கேட்கும் குளிர்கால ஏற்றம். அது வேறு பாடம்.

முந்தைய நாள் மாலை மலை வானிலையைப் பாருங்கள். கைபேசியில் ஃபோர்ட் வில்லியம் என்று தட்டினால் வருவது கடல் மட்டத்து வானிலை. அதை நம்பி எந்தப் பயனும் இல்லை. எம்.டபிள்யூ.ஐ.எஸ். என்ற மலை வானிலைத் தளத்தில் மேற்கு ஹைலண்ட்ஸ் பகுதியையும், பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆஃபீஸின் மலை முன்னறிவிப்பையும் படிக்க வேண்டும். முதலில் காற்றைப் பாருங்கள். முகட்டு உயரத்தில் மணிக்கு 30 மைலுக்கு மேல் வீச்சு இருக்கும் என்று போட்டிருந்தால் அரேட்டை விட்டுவிடுங்கள். 40 மைலில் சமதரையிலேயே தள்ளாடும். அகலம் குறைந்த பாறையில் ஒரு வீச்சு போதும். அடுத்தது மேகத்தின் அடிமட்டம். அது 900 மீட்டர் என்றால் முகடு முழுக்க மேகத்துக்குள் இருக்கும். போகலாம், ஆனால் எதைப் பார்க்க ஏறினோமோ அது தெரியாது. மழை மூன்றாவதுதான், சட்டை நனைவதைவிடப் பாறை நனைவதுதான் பிரச்சினை.

உச்சியில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். கீழே 16 டிகிரி வெயிலில் கிளம்பினால் மேலே 6 டிகிரி, அதோடு காற்று. ஜூலையில் கையுறை எதற்கு என்று கேட்காதீர்கள்.

பையில் என்ன

ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டவே வேண்டாம். நனைந்த பருத்தி எளிதில் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளே பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி, நடுவில் ஃப்ளீஸ், வெளியே தண்ணீர் புகாத ஜாக்கெட், அதேபோன்ற பேன்ட். பேன்ட்டை விட்டுவிட்டு ஜாக்கெட் மட்டும் கொண்டுபோவது புதியவர்கள் செய்யும் வழக்கமான தவறு. ஒரு மணி நேர மழையில் தண்ணீர் தொடை வழியாக வடிந்து பூட்ஸை நிரப்பிவிடும். தொப்பி, இரண்டு ஜோடி கையுறை. ஒன்று நனையும், நிச்சயம். உட்காரும்போது போட்டுக்கொள்ளத் தடித்த ஜாக்கெட் ஒன்று. இவை எல்லாவற்றையும் பைக்குள் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டுங்கள். பைக்கு மேலே மாட்டும் மழை உறையைக் காற்று ஒரே இழுப்பில் பிடுங்கிக்கொண்டு போகும்.

பூட்ஸ் பழகியதாக இருக்கட்டும். பிடித்து முறுக்கினால் எளிதில் வளையாத, விறைப்பான அடிப்பாகம் வேண்டும். விரல் நுனியை மட்டும் பாறை விளிம்பில் வைத்து நிற்கும்போது மெத்தென்ற ஷூ மடங்கிவிடும். ஹெல்மெட் இல்லாமலும் பலர் போகிறார்கள். தலைக்கு மாற்றுப் பாகம் கிடையாது, போட்டுக்கொள்வதே மேல்.

தண்ணீர் இரண்டு லிட்டர். காலையில் ஓடையை விட்டுப் பிரிந்தபின் முகடு முழுவதும் ஒரு சொட்டு கிடைக்காது. சாப்பாட்டை மதியத்துக்கென்று ஒரே பொட்டலமாகக் கட்டாமல், மணிக்கொரு முறை வாயில் போட்டுக்கொள்ளும்படி சட்டைப்பையில் வையுங்கள். ஹெட்டார்ச், மாற்று பேட்டரி, விசில், முதலுதவிப் பொட்டலம், ஆளே உள்ளே நுழைந்துகொள்ளக்கூடிய ஆரஞ்சு நிற அவசரப் பை ஆகியவை பையை விட்டு வெளியே வராமலே போகலாம். அதற்காக வீட்டில் வைத்துவிடக் கூடாது. மேப்புக்கு பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் 392, அதாவது 1:25,000 அளவுத் தாள். காகிதம், காம்பஸ் இரண்டும் அவசியம். குளிரில் கைபேசி பேட்டரி திடீரென்று சாகும்.

நேரக் கணக்கு

1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன விதியை இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். மெட்ரிக்கில் சொன்னால் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. 17 கிலோமீட்டருக்கு மூன்றரை மணி, 1,500 மீட்டருக்கு இரண்டரை மணி, ஆக ஆறு. இந்தக் கணக்கு இங்கே பலிக்காது. அரேட்டில் ஒரு கிலோமீட்டருக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். இறக்கத்தில் முழங்கால் வேகத்தைக் குறைக்கும். புதியவர்கள் பத்து மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காலை 7 மணிக்குக் கிளம்பினால் 11:30 வாக்கில் கார்ன் மோர் ஜெரக் உச்சி, 2 மணிக்கு பென் நெவிஸ், மாலை 6-க்குள் கார். ஒரு மணி ஆகியும் கார்ன் மோர் ஜெரக்கை எட்டவில்லை என்றால் வந்த வழியே திரும்புவது என்று கிளம்பும் முன்பே பேசி முடிவெடுத்துக்கொள்ளுங்கள். மேலே போய்ப் பேசினால் குழுவில் எப்போதும் ஆசைதான் ஜெயிக்கும். போகிற வழியையும் திரும்பும் நேரத்தையும் கீழே இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். மேலே எப்போதும் சிக்னல் இருக்காது. சிக்னல் மெலிந்த இடத்தில் அவசரக் குறுஞ்செய்தி அனுப்ப வசதியாக, ‘register’ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டி அவசர உதவி எண்ணான 999-க்கு அனுப்பி முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம்.

படி 1: காட்டிலிருந்து ஓடைக்கு

ஃபோர்ட் வில்லியமிலிருந்து வடகிழக்கே, ஏ82 சாலையில் சில கிலோமீட்டர் போனால் டார்லண்டி. அங்கே ‘நார்த் ஃபேஸ்’ என்று பெயர்ப்பலகை போட்ட கார் நிறுத்தம். ரயிலில் வருகிறவர்கள் கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட்டிலிருந்து ஃபோர்ட் வில்லியம் வந்து ஒரு டாக்சி பிடிக்கலாம். காட்டுப்பாதை நன்றாகவே போட்டிருக்கிறது; ஏறி முடித்து மரங்கள் விட்டதும் ஆல்ட் அ வூலின் ஓடை வலப்பக்கம் வரும்.

மிட்ஜ் என்னும் பொடிக் கொசுக்கள் இங்கேதான். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, காற்றில்லாத காலையில் மேகம்போல மொய்க்கும். நின்றால் தின்றுவிடும். பூட்ஸ் கயிற்றைக் காருக்குள்ளேயே கட்டிக்கொண்டு இறங்குங்கள். லேசான காற்று எழுந்தாலே அவை காணாமல் போய்விடும்.

ஓடையோரப் பாதை நேராக சி.ஐ.சி. குடிலுக்குப் போகும். முதல் உலகப்போரில் இறந்த சார்ல்ஸ் இங்கிலிஸ் கிளார்க்கின் நினைவாக அவருடைய பெற்றோர் எழுப்பிய கல் வீடு அது, 1929-இல் திறந்தார்கள். பூட்டியே இருக்கும், ஒதுங்கலாம் என்று எண்ணிப் போக வேண்டாம். நமக்கு அதுவரை போகவும் தேவையில்லை. நடுவழியிலேயே இடப்பக்கம் ஒரு தடம் பிரிகிறது. கவனிக்காமல் தாண்டிவிடுவது சுலபம், ஆகவே மரங்களை விட்டு வெளியே வந்ததிலிருந்து மேப்பைக் கையிலேயே வைத்திருங்கள்.

படி 2: சரிவு

நாளின் சுவையற்ற பகுதி இது. புல், ஹெதர் புதர், சேறு. மேலே போகப் போகக் கல். கார்ன் பெக் ஜெரக் என்ற சிறிய உச்சியின் 1,010 மீட்டர் வரை ஓய்வே தராத ஏற்றம். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். மூச்சு வாங்கிப் பேச்சு அறுந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். இங்கே அவசரப்பட்டுத் தொடையைத் தீர்த்துவிட்டவர்கள்தான் நான்கு மணி நேரம் கழித்து அரேட்டில் கால் நடுங்க நிற்கிறார்கள்.

படி 3: கார்ன் மோர் ஜெரக், 1,220 மீட்டர்

முகட்டுக்கு வந்ததும் காலடியில் கல் இளஞ்சிவப்பாகிவிடும். கிரானைட். மலைக்குப் பெயர் வந்தது எப்படி என்று சொல்லத் தேவையில்லை. எதிரே பென் நெவிஸ் கருஞ்சாம்பல் நிறத்தில் நிற்கும். அது ஆண்டசைட், பழைய எரிமலைக் குழம்பு. வலப்பக்கம் டவர் ரிட்ஜ், அப்சர்வேட்டரி ரிட்ஜ் என்று பாறையேறிகள் பெயர் வைத்த முகடுகள் வரிசையாகத் தெரியும். அவற்றில் எறும்புபோல ஆட்கள் நகர்வதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம்.

முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். காற்று எப்படி, நேரம் என்ன, யாருக்காவது கால் வலிக்கிறதா? இங்கிருந்து வந்த வழியே இறங்குவது பாதுகாப்பானது. அரேட்டில் இறங்கிவிட்டால் அதன் நடுவில் எளிதான வெளிவழி கிடையாது. உள்ளே கோரி லேஷ் குடைவுக்குள் இறங்கிவிடலாம் என்று தோன்றும். அது செங்குத்து, விபத்துகள் நடந்த இடம்.

படி 4: அரேட்

கைத்தடிகளை மடக்கிப் பைக்குள் செருகுங்கள். வெளியே தொங்கும் பாய், குவளை எல்லாம் உள்ளே போகட்டும். பின்னால் பாறையில் இடித்துத் தள்ளிவிடும். முகடு தெற்கே இறங்கி, பிறகு மேற்காக வளைந்து பென் நெவிஸை நோக்கிப் போகிறது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தாழ்ந்த இடம் சுமார் 1,058 மீட்டர்.

பாறையில் இருக்கும்போது இரண்டு கை, இரண்டு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் ஊன்றியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் நகரலாம். கையால் இழுத்து ஏறாதீர்கள், காலால் எழும்புங்கள். கை சமநிலைக்கு. பயத்தில் எல்லோரும் பாறையைக் கட்டிப்பிடிப்பார்கள். உடம்பு பாறையோடு ஒட்டினால் எடை பாதத்தின் மேல் செங்குத்தாக இறங்காமல் பாதத்தை வெளியே உந்தும், வழுக்கும். நெஞ்சைச் சற்றுத் தள்ளிவைத்தால் பூட்ஸின் அடிப்பாகம் கல்லைப் பிடிப்பதை உணர்வீர்கள், அடுத்த காலை எங்கே வைப்பது என்பதும் தெரியும்.

பிடிக்கும் கல்லை முதலில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுங்கள். கணீரென்று இருந்தால் மலையோடு சேர்ந்தது. டொக்கென்று உள்ளீடற்ற சத்தம் வந்தால் தளர்ந்தது. அதை வெளியே இழுக்காமல் கீழ்நோக்கி அழுத்தி மட்டும் பயன்படுத்தலாம், அல்லது விட்டுவிடலாம். கல் உருண்டுவிட்டால் ‘பிலோ!’ (‘கீழே!’) என்று ஆங்கிலத்தில் கத்த வேண்டும். கீழே இருப்பவருக்குத் தமிழ் தெரியும் என்று சொல்ல முடியாது.

காய்ந்த கிரானைட் சொரசொரப்பாக உப்புத்தாள்போலப் பிடிக்கும். நனைந்தாலும் ஓரளவு பிடிக்கும். அதன் மேல் படர்ந்த கருப்புப் பாசி நனைந்தால் சோப்புதான். ஆயிரக்கணக்கான பூட்ஸ் பட்டுப் பளபளக்கும் கற்களும் அப்படியே. முகட்டின் உச்சிக்கோட்டில் போவதுதான் அழகு. மனம் ஒப்பவில்லை என்றால் பல இடங்களில் சற்றுக் கீழே ஒரு நடைத்தடம் ஒதுங்கிப் போகிறது. அதில் போனால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் தடம் கீழே கீழே இழுத்துக்கொண்டு போவதாகத் தோன்றினால் நின்று முகட்டுக்குத் திரும்புங்கள். பாறைப்படி உங்கள் இடுப்பளவுக்கு மேல் இருந்தால் முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, ஏணியில் இறங்குவதுபோல இறங்குங்கள். இறங்கத் தெரியாத இடத்தில் ஏறவும் வேண்டாம். குதிப்பது அறவே கூடாது.

படி 5: கற்குவியல்

அரேட் முடிந்ததும் ‘அவ்வளவுதான்’ என்று நினைப்பீர்கள். இன்னும் கிட்டத்தட்ட 300 மீட்டர் ஏற்றம் பாக்கி, அதுவும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டிக் கிடக்கும் பெருங்கற்கள் மேல். ஆடும் கல்லின் விளிம்பில் கால் வைக்காமல் நடுவில் வையுங்கள். ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் வராமல் பக்கவாட்டில் விலகி ஏறுங்கள்.

படி 6: உச்சி, 1,345 மீட்டர்

2016-இல் மறுபடி அளந்தபோது 1,344-இலிருந்து ஒரு மீட்டர் கூடியது. மலை வளரவில்லை, அளவுக் கருவி நுட்பமானது, பின்னம் மேற்பக்கம் சாய்ந்தது. வானிலை ஆய்வு நிலையம் 1904-இல் மூடப்பட்டுவிட்டது. இடிந்த சுவர்கள் இருக்கின்றன. 1894-இல் சி.டி.ஆர். வில்சன் என்ற இளைஞர் சில வாரங்கள் இங்கே தங்கி, மேகத்தின் மேல் விழும் நிழலைச் சுற்றி வண்ண வளையங்கள் தோன்றுவதைப் பார்த்தார். அதைச் சோதனைச்சாலையில் உண்டாக்கிப் பார்க்கப்போய், துகள்களின் தடம் காட்டும் மேக அறையைக் கண்டுபிடித்து 1927-இல் நோபல் பரிசு பெற்றார். உங்களுக்கு வெறும் வெள்ளை மேகம் மட்டும் தெரிய வாய்ப்பு அதிகம்.

வடக்கு விளிம்பிலிருந்து தள்ளியே இருங்கள்.

படி 7: இறங்குதல்

கவனம் முழுவதும் இங்கே வேண்டும். தெளிவான நாளில் கற்கூம்புகளைப் பின்தொடர்ந்தால் போதும். மேகத்துக்குள் இருந்தால் இரண்டு எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 231, 282. உச்சியில் நிற்கும் நில அளவைத் தூணிலிருந்து கிரிட் திசை (மேப்பின் கட்டக்கோடுகள் காட்டும் வடக்கிலிருந்து அளந்த கோணம்) 231 பாகையில் 150 மீட்டர். பிறகு 282 பாகையில், வளைவுப்பாதை தொடங்கும் வரை. முதல் 150 மீட்டர் எதற்கு என்றால், தூணிலிருந்து நேராக 282-இல் நடந்தால் கார்டிலூ கல்லி என்ற செங்குத்துப் பாறைப்பிளவின் வாய்க்குள் போய்விடுவீர்கள். பிறகு 282-இல் நடக்கும்போது இடப்பக்கம் விலகினாலோ ஃபைவ் ஃபிங்கர் கல்லி. இரண்டிலும் உயிர்கள் போயிருக்கின்றன.

150 மீட்டரை எப்படி அளப்பது? சமதரையில் 100 மீட்டருக்கு இடது கால் எத்தனை முறை ஊன்றுகிறது என்று ஊரிலேயே எண்ணிப் பாருங்கள். பெரும்பாலோருக்கு 60 முதல் 70. அதன் ஒன்றரை மடங்கு. கல்லில் அடி குறுகும் என்பதால் இன்னும் சில சேர்த்து. கிரிட் திசையைக் காம்பஸ் திசையாக்கக் காந்த விலகலைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் அது இப்போது மிகச் சிறிதாகிவிட்டது, இருந்தாலும் மேப்பின் ஓரத்தில் போட்டிருப்பதைப் பாருங்கள். காம்பஸ் பிடித்த கையின் பக்கம் கைபேசி இருக்கக் கூடாது. முள் சத்தமில்லாமல் விலகும்.

வளைவுகள் முடிந்து ரெட் பர்ன் ஓடையைத் தாண்டினால், ஏரி தெரியும் முனையில் மவுண்டன் டிராக் இடப்பக்கம் கூர்மையாகத் திரும்பும். கார் டார்லண்டியில் இருப்பவர்கள் அதில் திரும்பாமல் வடக்கே ஏரியை ஒட்டிப் போய், ஈரச் சதுப்பில் இறங்கி, ஓடையைக் கடந்து காலைப் பாதையில் சேர வேண்டும். நல்ல மழை பெய்திருந்தால் இதைச் செய்யாதீர்கள். காலையில் சலசலத்த ஓடை மாலையில் முட்டளவு வேகத் தண்ணீராக இருக்கும், ஆளைச் சாய்த்துவிடும். மவுண்டன் டிராக்கிலேயே கிளென் நெவிஸுக்கு இறங்கி, டாக்சியில் காரிடம் போவது மலிவான தீர்வு.

யாராவது அடிபட்டால் 999-ஐ அழைத்து முதலில் காவல்துறை, பிறகு மலை மீட்புக்குழு என்று கேளுங்கள். ஸ்காட்லாந்தில் முறை அப்படி. நீங்கள் இருக்கும் இடத்தின் கிரிட் எண்ணை மேப்பில் பார்த்துச் சொல்லுங்கள். சிக்னல் இல்லையென்றால் நிமிடத்துக்கு ஆறு விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. இந்தப் பகுதியின் லோகாபர் மீட்புக்குழுவினர் தன்னார்வலர்கள், கட்டணம் கேட்பதில்லை.

காரை எட்டியதும், காலையில் சீட்டு எழுதிக் கொடுத்தவருக்குத் திரும்பிவிட்டோம் என்று முதலில் தகவல் சொல்லுங்கள். பிறகு இரவு குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களில் உண்ணி கடித்திருக்கிறதா என்று தேடுங்கள். எள்ளளவுதான் இருக்கும், லைம் நோயைக் கொண்டுவரும். உண்ணிக் கொக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, உடலை நசுக்காமல் எடுக்க வேண்டும்; எண்ணெயும் தீக்குச்சியும் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவந்த படை பரவினால் மருத்துவரிடம் காட்டி, மலைக்குப் போன தேதியையும் சொல்லுங்கள்.